முட்டைக்காரர் வண்டிக்கு இண்டிகேட்டர் சரிபண்ணின கதை

எங்க சேவல்கோணத்து ஆளுகளை யாராவது முட்டாள்னு சொன்னா எனக்கு ஆத்திரமா வரும். அப்படிச் சொல்றவன் எங்க ஊருக்கு ஒரு தடவைகூட வந்திருக்க மாட்டான். வந்து பாத்திருந்தா அவ்வளவு சின்ன வார்த்தையோட நிறுத்தியிருக்க மாட்டான்.

மெயின் ரோட்டுல எனக்கு இஸ்திரி வண்டி. எதுத்தாப்புல மாசானம் ஒர்க்‌ஷாப். பதினெட்டு வருஷமா சட்டைகளைத் தேச்சுக்கிட்டே அங்க நடக்கிற அத்தனையையும் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த ஊர்ல புத்தியோட இருக்கிற ஒரே ஆளு நான்தான். அதை நானே சொல்றது நல்லாயில்லைதான். வேற யாரும் சொல்ல மாட்டேங்குறாங்களே, என்ன செய்ய?

ஒர்க்‌ஷாப்புல மூணு பேர். முதலாளி மாசானம். அவருக்கு மச்சினன் நயினார். மூணாவது சேர்மத்துரை. இவர் ஒரு நாள் பஞ்சர் ஒட்ட வந்தவர். "ஒட்டி முடிக்கிற வரைக்கும் உக்காருங்க"ன்னு சொன்னாங்க, உக்காந்தார். பதினோரு வருஷமாச்சு. சும்மா உக்காந்திருக்கோமேன்னு வேலையையும் கத்துக்கிட்டார். அவர் வண்டிக்கு இன்னும் பஞ்சர் ஒட்டின பாடில்லை.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில முட்டைக்காரர் பால்வண்ணம் தன் பழைய வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார். கேரியர்ல அட்டை அட்டையா முட்டையை அடுக்கிக் கட்டி எட்டு ஊருக்குப் போடுறவர். பயங்கர யோக்கியன். அழுகின முட்டை இருந்தா "இது அழுகினது"ன்னு சொல்லித்தான் விப்பார். அதையும் வாங்குறதுக்கு எங்க ஊர்ல ஆள் இருக்கு, அது வேற விஷயம்.

வண்டியில எல்லாம் சரி, இண்டிகேட்டர் சுவிட்சு மட்டும் இறுகிப்போச்சு. எந்தப் பக்கம் அமுக்கினாலும் எந்த லைட்டும் எரியலை. ரெண்டு மாசமா மனுஷன் கையைக் காட்டித்தான் திரும்பிக்கிட்டு இருந்தார். எங்க ஊர்ல யாராவது கையை நீட்டினா சும்மா விடுவாங்களா? எதிர்ல வர்றவன் கையைப் பிடிச்சுக் குலுக்கி நலம் விசாரிச்சுட்டுத்தான் போவான். ஒரு தடவை கருவேப்பிலைக்காரம்மா ஒரு கொத்து கருவேப்பிலையை அவர் கையில வச்சுட்டு, பதிலுக்கு முட்டை கிடைக்கும்னு மறுநாள் வரைக்கும் காத்திருந்தது.

"அண்ணாச்சி, வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடியுது. புதன்கிழமை யூனியன் ஆபீஸ் மைதானத்துக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் அம்மா வாறாவ. ஒரு லைட் எரியலைன்னாலும் வண்டிப் பதிவைப் புதுப்பிச்சுத் தர மாட்டாவளாம். அப்புறம் இந்த வண்டி ரோட்டுலயே வரப்பிடாது. எட்டு ஊருக்கும் நான் தலையில வச்சா முட்டை சுமக்க?" பால்வண்ணத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"கவலைப்படாதீரும் முட்டைக்காரரே"ன்னார் மாசானம். அப்பத்தான் எனக்குக் கவலையே வந்தது.

மாசானம் இதுவரைக்கும் இண்டிகேட்டர் சுவிட்சைப் பிரிச்சதே இல்லை. அதனால திருநெல்வேலியில இருக்கிற எலக்ட்ரீஷியன் அன்வர் பாய்க்குப் போன் போட்டார். பாய் பொறுமையான மனுஷன். அவர் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, நயினார் காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதினார். கழட்டுறதுக்கு முன்னால போட்டோ எடுத்துக்கணும். சுவிட்சைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து கடுகளவு இரும்புக் குண்டு ஒண்ணு தெறிக்கும், விட்டுராமப் பிடிக்கணும். உள்ள இருக்கிற அழுக்கைப் பெட்ரோல்ல கழுவணும், பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. கடைசியா, போட்டோவுல எப்படி இருக்கோ அப்படியே வயரை மாட்டணும்.

"முக்கியமா ஒண்ணு. சொந்தப் புத்தியை உபயோகிச்சிராதீங்க"ன்னு சொல்லிட்டு பாய் போனை வச்சார்.

அது ஒண்ணுதான் அவங்களுக்குச் சுலபமான வேலை.

முதல்ல போட்டோ. மத்தியானம் மூணு பேரும் வெள்ளைச் சட்டையைக் கொண்டாந்து என்கிட்ட தேய்க்கக் குடுத்தாங்க. தலைக்குக் குளிச்சு, விபூதி பூசி, பக்கத்துத் தெரு ஸ்டூடியோ ஞானராஜைக் கூட்டிட்டு வந்தாங்க. போட்டோவுல அழகா விழணும்னு வண்டி ஹெட்லைட்டைக் கழட்டி உள்ள இருந்த வயரையெல்லாம் வெளிய தொங்க விட்டாங்க. அப்புறம் அதுக்கு முன்னால மாசானம் கையைக் கட்டிக்கிட்டு நின்னார். அந்தப் பக்கம் நயினார், இந்தப் பக்கம் சேர்மத்துரை. படம் பிரமாதமா வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஒர்க்‌ஷாப் சுவத்துல மாட்டிட்டாங்க. மாசானத்தோட தொப்பை முழுசாத் தெரிஞ்சது. வயரு ஒண்ணுகூடத் தெரியலை.

அடுத்தது குண்டு. அது எந்தப் பக்கம் தெறிக்கும்னு ஒரு மணி நேரம் ஆலோசனை.

"அத்தான், நான் பின்னால நிக்கேன். பந்து பெரும்பாலும் பின்னாலதான் வரும்"னார் நயினார்.

"அது மட்டைக்காரன் வலது கைக்காரனா இருந்தா. சுவிட்சு இருக்கிறது இடது கைப் பக்கம்லா?"ன்னார் சேர்மத்துரை.

கிரிக்கெட் சரிப்பட்டு வராதுன்னு முடிவாகி, வீட்டுல இருந்து கொசுவலை வந்தது. வண்டியையும் தங்களையும் சேர்த்து வலைக்குள்ள மூடிக்கிட்டு, ஓரத்தையெல்லாம் செங்கல் வச்சு அமுக்கிட்டு சுவிட்சைப் பிரிச்சாங்க. டிக்குன்னு ஒரு சத்தம். குண்டைக் காணோம்.

"வலைக்குள்ளதான் இருக்கு. யாரும் வெளிய போகப்பிடாது. போனா கூடவே போயிரும்"னு மாசானம் கண்டிப்பாச் சொல்லிட்டார்.

சனிக்கிழமை காலையில உள்ள போனவங்க சாயங்காலம் வரைக்கும் வெளிய வரலை. மாசானம் பொண்டாட்டி வலைக்கு அடியில சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டுத் தலையில அடிச்சுக்கிட்டுப் போனது. கடைசியில நயினார் தலையில, அன்னிக்கு அப்பியிருந்த தேங்கா எண்ணெயில குண்டு ஒட்டியிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. அதைத் தேடிக்கிட்டே அவர் மூணு தடவை தலையைச் சொறிஞ்சதை நான் இங்க இருந்தே பாத்தேன்.

ஞாயித்துக்கிழமை பெட்ரோல் வேலை. பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாதுல்ல? முதல்ல என்கிட்ட வந்தாங்க.

"இஸ்திரி அண்ணாச்சி, உம்ம பெட்டியில இருக்கிற கரியைக் கொஞ்சம் அணைக்கணும்."

"சரி, அணைக்கேன். நீங்க கழுவப்போறது எம்புட்டு பெட்ரோல்ல, வே?"

"ஒரு மூடி."

ஒரு மூடி பெட்ரோலுக்கு நெருப்பு எவ்வளவு தூரத்துல இருக்கலாம்னு அடுத்த ஆலோசனை. பாய் சொன்னது "பக்கத்துல". பக்கத்து வீடுன்னு மாசானம் சொன்னார். பக்கத்துத் தெருவும் பக்கம்தானேன்னு நயினார் கேட்டார். பக்கத்து ஊர் மட்டும் என்ன தூரமான்னு சேர்மத்துரை கேட்டார். ஊர் விட்டு ஊர் போய் அடுப்பை அணைக்கிறது மரியாதையா இருக்காதுன்னு ரெண்டு தெருவோட நிறுத்திக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை, வீட்டுக்கு வீடு கறி கொதிக்கிற நேரம். எல்லா அடுப்பும் அணைஞ்சது. ரெண்டு தெருவும் அவல் நனைச்சுத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தது. எங்க ஜனங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே! ஒருத்தர் மட்டும் வந்து, வெயில்ல காயப்போட்ட வத்தல் இருக்கு, அதையும் எடுக்கணுமான்னு விசாரிச்சுட்டுப் போனார்.

ஆனா ஒண்ணு சொல்லணும். சுவிட்சு பளிச்சுன்னு ஆயிருச்சு. குண்டும் ஸ்பிரிங்கும் உள்ள போய் உக்காந்துக்கிச்சு. இப்படியும் அப்படியும் தள்ளினா டக்கு டக்குன்னு அழகா நகருது. இனி வயரு மட்டும்தான் பாக்கி. ஆரஞ்சு ஒண்ணு, நீலம் ஒண்ணு. எது எங்கன்னு யாருக்கும் ஞாபகமில்லை. சுவத்துல இருந்த போட்டோவை எடுத்தாங்க.

"வயரைக் காணோமே அத்தான். உங்க வயிறுதான் இருக்கு."

மாசானம் போட்டோவுல இருந்த தன் வயித்தைக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தார். சேர்மத்துரைதான் கண்டுபிடிச்சார். போட்டோவுல அவங்களுக்குப் பின்னால, சுவத்துல தலை சீவுற கண்ணாடி ஒண்ணு மாட்டியிருக்கு. அந்தக் கண்ணாடிக்குள்ள வயரு தெளிவாத் தெரியுது. ஆரஞ்சு இந்தப் பக்கம், நீலம் அந்தப் பக்கம். கண்ணாடியில எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டிட்டாங்க. கண்ணாடியில இடது வலதா மாறித் தெரியும்னு எனக்கு அப்பவே தெரியும். ஏன் சொல்லலைன்னா, என்னை யாரும் கேக்கலை.

திங்கக்கிழமை பால்வண்ணம் வந்து சாவியைப் போட்டு இடது பக்கம் அமுக்கினார். லைட் எரிஞ்சது. மூணு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. எரிஞ்சது வலது பக்க லைட்டுன்னு பாக்கிறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

"வயரு மாறியிருக்குமோ?"ன்னு பால்வண்ணம் மெதுவாக் கேட்டார்.

மாசானத்துக்கு வந்துச்சே கோபம்! "அப்ப போட்டோ பொய் சொல்லுதா? சட்டம் போட்டு மாட்டியிருக்கோம், வே! வயரை மாத்தணும்னு யாராவது வாயைத் தொறந்தா இந்த ஒர்க்‌ஷாப் வாசப்படி ஏறப்பிடாது."

எல்லாரும் போட்டோ மேல கைவச்சு, அது பொய் சொல்லாதுன்னு சத்தியம் பண்ணினாங்க. பால்வண்ணமும் பண்ணினார்.

"இடது பக்கம் போகணும்னா வலது பக்கம் அமுக்கும், அம்புட்டுத்தானே?"ன்னு நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து சத்தம் குடுத்தேன்.

பால்வண்ணம் திடுக்கிட்டுப் போனார். "மனசுல ஒண்ணு, கையில ஒண்ணா? எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது அண்ணாச்சி. இடதுன்னு நினைச்சா இடதைத்தான் அமுக்குவேன். லைட் எந்தப் பக்கம் எரியுதோ அந்தப் பக்கம் போயிருதேன். லைட் சொன்ன பிறகு மாறிப் போனா, பின்னால வர்றவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

யோக்கியனைத் திருத்த முடியுமா? நான் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேச்சேன்.

இன்ஸ்பெக்டர் அம்மாவை எப்படிச் சமாளிக்கிறதுங்கிறதுக்கு நயினார் ஒரு வழி சொன்னார். "அம்மா வண்டிக்கு முன்னால, நம்ம மூஞ்சியைப் பாத்து நிக்கட்டும். நம்ம வலது அவ்வோளுக்கு இடது. இடதுன்னு கேப்பாவ, அவ்வோ இடது பக்கமே எரியும். பின்னால மட்டும் வரவிடப்பிடாது." நயினார் வாயில இருந்து அவ்வளவு அறிவு வந்ததைக் கேட்டு நானே பெட்டியைச் சட்டை மேல மறந்து வச்சுட்டேன். சட்டை பொசுங்கிருச்சு.

புதன்கிழமை. கூட நானும் போனேன், புத்தியுள்ள ஆள் ஒண்ணாவது வேணும்ல? பால்வண்ணம் கேரியர்ல ஆறு அட்டை முட்டை. பாஸானதும் நேரா வியாபாரத்துக்குப் போகணும்னு திட்டம். மைதானத்துல வண்டியை நிறுத்தினதும் மூணு பேரும் அந்த ஆறு அட்டையையும் இறக்கி, வண்டிக்குப் பின்னாலயும் வலது பக்கமும் வேலி மாதிரி பரப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டர் அம்மா அந்தப் பக்கம் கால் வைக்க முடியாதுல்ல?

அம்மா வந்தாங்க. முட்டையைப் பாத்தாங்க. ஒண்ணும் கேக்காம முன்னால நின்னு, "லெப்ட் போடுங்க"ன்னாங்க. எரிஞ்சது. "ரைட்." எரிஞ்சது. மாசானம் என்னைப் பாத்து மீசையைத் தடவினார்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க. நேராப் போய் இடது பக்கம் திரும்பி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

பால்வண்ணம் புறப்பட்டார். நேராப் போனார். இடது பக்கம் அமுக்கினார். வலது லைட் எரிஞ்சது. சொன்ன சொல் தவறாம வலது பக்கம் திரும்பினார். மறுபடியும் அமுக்கினார், மறுபடியும் வலது. அப்படியே சுத்தி வந்து, எங்க ஆளுங்க பரப்பி வச்சிருந்த வேலிக்குள்ள புகுந்தார். ஆறு அட்டை முட்டையும் போச்சு. முன் சக்கரத்துல இருந்து மஞ்சளா ஒழுகிக்கிட்டு இருந்தது.

"ஏங்க, நான் இடதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா மேடம். லைட் வலதுன்னு சொல்லிருச்சு."

அந்த அம்மா தொப்பியைக் கழட்டிட்டு அங்க இருந்த கல்லுல உக்காந்துட்டாங்க. பால்வண்ணம் முட்டைக்கு நடுவுல நின்னு கண்ணைத் துடைக்கிறதைப் பாத்து மனசு இளகியிருக்கணும். "வயரு ரெண்டும் இடம் மாறியிருக்கு. ஆரஞ்சு, நீலம். ரெண்டையும் கழட்டி மாத்தி மாட்டுங்க, ரெண்டு நிமிஷ வேலை. நான் சாப்பிட்டு வந்து பாக்குறேன். அப்பவும் சரியில்லைன்னா வண்டியை மறந்துருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

"போட்டோவைப் பொய்ங்காவ"ன்னார் மாசானம்.

"சத்தியம் பண்ணியிருக்கோம்"னார் நயினார்.

"மாத்தப்பிடாது"ன்னார் சேர்மத்துரை. பால்வண்ணமும் தலையைத் தலையை ஆட்டினார்.

எல்லாரும் வேப்பமரத்து நிழல்ல உக்காந்தாங்க. மாசானம் தண்ணி குடிக்கப் போனார், வந்தார். நயினார் முகம் கழுவப் போனார், வந்தார். சேர்மத்துரை கழட்டின செருப்பைத் தேடிப் போனார். பால்வண்ணம் உடையாத முட்டை ஏதாவது இருக்கான்னு பாக்கப் போனார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. இவங்களை நம்பினா அந்த மனுஷன் பொழப்பு நடுரோட்டுல நிக்கும். எல்லாரும் கண்ணசர்ற நேரமாப் பாத்து நானே போய் ரெண்டு வயரையும் கழட்டி மாத்தி மாட்டிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வந்து உக்காந்துட்டேன்.

அம்மா வந்து, இந்தத் தடவை வண்டிக்குப் பின்னாலயே நின்னாங்க. "லெப்ட்." லெப்ட் எரிஞ்சது. "ரைட்." ரைட் எரிஞ்சது. இடது பக்கம்னா இடது பக்கம் திரும்பிச்சு வண்டி. பாஸ்! இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை. எனக்கு உள்ளுக்குள்ள அப்படியொரு சந்தோஷம், அப்படியொரு பெருமை.

ஒர்க்‌ஷாப் வந்து சேந்ததும் பால்வண்ணம் வீட்டுக்குப் போய் ஒரு அட்டை வாத்து முட்டையோட வந்தார். "யார் இதைச் சரிபண்ணினாவளோ அவ்வோளுக்கு இது. மறைக்காமச் சொல்லுங்க."

நான் எந்திரிக்கிறதுக்குள்ள மாசானம் முந்திக்கிட்டார். "சத்தியத்தை மீறினதுக்கு மன்னிக்கணும். தண்ணி குடிக்கப் போனப்ப நான்தான் வயரை மாத்தினேன்."

"இல்லை அத்தான், முகம் கழுவப் போனப்ப மாத்தினது நானு."

"செருப்பு தேடப் போனதே அதுக்குத்தான்"னார் சேர்மத்துரை.

"அப்படிப் பாத்தா நானும்தான் மாத்தினேன்"னு பால்வண்ணம் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

நான் விரலை விட்டு எண்ணிப் பாத்தேன். முதலாளி மாத்தினதும் சரியாயிருக்கு. மச்சினன் மாத்தினதும் கெட்டிருக்கு. சேர்மத்துரை சரி, பால்வண்ணம் கெடுத்தது, கடைசியா என் கையாலதான் சரியாயிருக்கு. அதைச் சொன்னேன். ஒருத்தனாவது கேக்கணுமே!

"நீரு வெறும் இஸ்திரிக்காரரு வே, வயரைப் பத்தி உமக்கு என்ன தெரியும்?"னார் மாசானம். சண்டை முத்திப்போச்சு.

"என் வேலைக்கு மதிப்பில்லைன்னா, நான் மாத்தினதை நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்!" மாசானம் விறுவிறுன்னு வண்டிகிட்டப் போய் ரெண்டு வயரையும் பழையபடி மாத்திட்டு வந்தார்.

"அப்ப என்னோடதும் வேண்டாம்"னு நயினார் போய் மாத்தினார். அடுத்து சேர்மத்துரை. "யார் உதவியும் இல்லாதப்ப என்னோடது மட்டும் எதுக்கு?"ன்னு பால்வண்ணமும் போய் மாத்திட்டு வந்தார்.

நான் மட்டும் என்ன இளிச்சவாயனா? எனக்கும் ரோஷம் இருக்குல்ல? நான் மாத்தினதை நானும் திருப்பி எடுத்துட்டுத்தான் வந்தேன்.

இப்ப யாருமே சரிபண்ணலைன்னு ஆயிட்டதால, வாத்து முட்டையைப் பால்வண்ணம் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டார்.

வண்டி ஜோரா ஓடுது. காலையில மெயின் ரோட்டுல வருவார். எங்க தெரு இடது பக்கம். இடது சுவிட்சை அமுக்குவார், வலது லைட் எரியும், நாணயமா வலது பக்கத் தெருவுக்குள்ள போயிருவார். அப்புறம் அந்தத் தெருக்காரங்களுக்குக் குடுக்கணும்னு வலது சுவிட்சை அமுக்கி எங்க தெருவுக்குள்ள வந்துருவார். எங்க தெரு முட்டை அங்கயும் அவங்க முட்டை இங்கயும் கிடக்கும். அதனால தினமும் ஏழு மணிக்கு நாங்க எல்லாரும் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு அந்தத் தெருவுக்குப் போறோம். அதே நேரத்துல அவங்க கிண்ணத்தோட இந்தத் தெருவுக்கு வர்றாங்க. நடுரோட்டுல ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லிக்கிடுவோம். கையில கிண்ணம் இருக்கிறதால கும்பிட முடியாது, தலையை மட்டும்தான் ஆட்டுவோம். அதுவும் எந்தப் பக்கம் ஆட்டணும்னு இன்னும் முடிவாகலை. ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டிருக்கோம். புத்தியுள்ள ஆள் வேணும்னு என்னைத்தான் தலைவராப் போட்டிருக்காங்க.